வீட்டுக்குள் ஒருவன் புகுந்துவிட்டால்: ஒதுங்குவதா, ஆயுதம் எடுப்பதா?

நள்ளிரவில் கதவை நெம்பும் சத்தம் கேட்ட பிறகு சட்டத்தை எண்ணிப் பார்க்க நேரம் இருக்காது என்பதால், முடிவின் பெரும்பகுதியைப் பகலிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளிருந்து தாழிடக்கூடிய உறுதியான கதவுள்ள அறை எது, குழந்தைகளையும் முதியவர்களையும் அங்கே அழைத்துச் செல்பவர் யார், கொல்லைப்புறச் சாவி எங்கே இருக்கும் என்பவை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். கைப்பேசி அந்த அறையிலேயே இரவு முழுதும் இருப்பது நல்லது. அழைக்க வேண்டிய எண் 112.

இந்தியச் சட்டம் உங்களை ஓடச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள், பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த தற்காப்புரிமையை ஏறத்தாழ அப்படியே தொடர்கின்றன. தாக்கப்படுபவர் கோழையைப் போல ஓடிவிட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் மீண்டும் உறுதிப்படுத்தியது. ஆயினும் 37ஆம் பிரிவு இரண்டு வேலிகளைப் போடுகிறது: காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இவ்வுரிமை கிடையாது, தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யவும் கூடாது. ஆகவே, தாழிட்ட அறைக்குள் குடும்பமே பத்திரமாக இருக்க, போலீசும் வந்துகொண்டிருக்க, அரிவாளோடு கதவைத் திறந்து வெளியே வருபவர் தம் வழக்கைத் தாமே பலவீனப்படுத்திக்கொள்கிறார்.

உயிரைப் பறிக்கும் அளவுக்கு எதிர்க்கலாம் என்று சட்டம் ஒப்புக்கொள்ளும் நிலைகள் சில உண்டு. மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, ஆள்கடத்தல், அமில வீச்சு முதலியன 38ஆம் பிரிவில் வருகின்றன. கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடுடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவை 41ஆம் பிரிவில் வருகின்றன. இவற்றிலும் 37ஆம் பிரிவின் வேலி விலகுவதில்லை. பகலில் திறந்த வாசல் வழியே வந்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு நழுவுபவன் மீது கொலைக்கருவியை ஓங்க இவை இடம் தரவில்லை.

நடைமுறையில் முதலில் பார்க்க வேண்டியது, வீட்டில் உள்ள எல்லோருக்கும் வெளியேறும் வழி இருக்கிறதா என்பதே. அடுத்து, வந்தவன் பொருளை நோக்கிப் போகிறானா, ஆளை நோக்கி வருகிறானா என்பது. பொருளென்றால் விட்டுவிடுங்கள், நகைக்காகக் கத்தியின் எதிரே நிற்பது வீரமென்று நான் கருதவில்லை. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் முகமூடிக் கொள்ளையரை நாற்காலிகளால் விரட்டிய முதிய தம்பதியரின் காணொளியைப் பலரும் எதிர்ப்புக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். ஆனால் அங்கே கணவரின் கழுத்து ஏற்கெனவே துணியால் இறுக்கப்பட்டிருந்தது. ஒதுங்கும் வாய்ப்பே அவர்களுக்கு இருக்கவில்லை.

எதிர்த்தே ஆகவேண்டும் என்றால், அவனுக்கும் வாசலுக்கும் நடுவே நிற்காதீர்கள். தப்பிக்க வழி தெரியும் திருடன் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுப்பான். போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது என்று உரக்கக் கூவுங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி பீரோவில் பூட்டியிருந்தால் அந்த நிமிடத்துக்கு உதவாது, பூட்டாமல் வைத்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து. உரிமமில்லாததோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தனிக் குற்றம். கையில் எதை எடுத்தாலும், அது பறிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அவன் திரும்பி ஓடினாலோ, ஆயுதத்தைப் போட்டுவிட்டாலோ உங்கள் கையும் நின்றாக வேண்டும். பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டிவைத்து ஊர்கூடி அடிப்பது நம் பக்கத்தில் சாதாரணமாக நடந்தாலும், அது தற்காப்பு அல்ல, குற்றம். தனிநபர் பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு.

பிறகு எதையும் கழுவவோ நகர்த்தவோ வேண்டாம். தற்காப்புக்காகவே செய்தோம் என்று காட்டும் பொறுப்பு சாட்சியச் சட்டப்படி உங்களுடையது என்பதால், கேமராப் பதிவை உடனே பத்திரப்படுத்துங்கள்; சிறு காயமானாலும் அரசு மருத்துவமனையில் பதிவு செய்துகொள்ளுங்கள்; எதைக் கண்டு உயிருக்கு அஞ்சினீர்கள் என்பதை, முடிந்தால் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, முதல் வாக்குமூலத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.