முதல் செய்முறை வகுப்புக்கு ஒரு டேப் போதும்

கால்நடை மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது என்றுதான். அது எப்படியும் முடிந்துவிடும். முதல் செய்முறை வகுப்பில் கவனம் வையுங்கள். பவர்பாயிண்ட் வேண்டாம், தையல்காரர் டேப் ஒன்று எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போங்கள்.

காலைக் கறவை முடிந்து, பசும்புல் போடுவதற்கு முன்னால் போவது நல்லது. வயிறு நிறையத் தின்று தண்ணீரும் குடித்த மாட்டின் எடை நம்மை ஏமாற்றும். சாதுவான ஜெர்சி கலப்பினப் பசுவாகப் பார்த்துச் சமதரையில், நான்கு காலும் நேராக ஊன்றும்படி நிறுத்தச் சொல்லுங்கள். முதலாண்டுப் பிள்ளைகளில் பலர் மாட்டைத் தொட்டே இருக்க மாட்டார்கள். பின்னாலிருந்து போகாமல், குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாக வரச் சொல்லுங்கள். மாடு பக்கவாட்டிலும் காலை வீசும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டேப்பை எடுக்குமுன் ஒவ்வொருவரும் எடையைக் கண்ணால் மதித்து எழுதட்டும். கடைசியாகப் பண்ணைத் தொழிலாளியிடம் கேளுங்கள். "அண்ணே, நீங்க சொல்லுங்க" என்று மாணவர்களையே கேட்க வைப்பேன். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் கிட்டத்தில் இருக்கும். பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும்.

அப்புறம் அளவு. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 64, நீளம் 55 என்றால் சுமார் 341 கிலோ. சுற்றளவு இருமுறை பெருக்கப்படுவதால் டேப்பை இழுத்துப் பிடித்தாலோ தளர விட்டாலோ கணக்கு நன்றாகவே இடறும். ஓர் அங்குலம் கூட்டிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 352ஐத் தொடும். ஒரே மாட்டை மூன்று குழுக்கள் அளந்து பலகையில் எழுதியபின் எடைமேடையில் ஏற்றுங்கள். அங்கே வரும் வாக்குவாதத்தை அடக்காதீர்கள், அதுதான் வகுப்பு.

"எடை தெரிந்து என்ன சார்?" என்று ஒருவர் கேட்பார். குடற்புழு நீக்க மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். தீவனமும் அப்படியே: உலர்பொருளாக, அதாவது தீவனத்திலுள்ள நீரைக் கழித்துப் பார்த்தால், உடல் எடையில் இரண்டரை முதல் மூன்று சதவீதம். இந்தப் பசுவுக்கு நாளுக்கு எட்டரை முதல் பத்து கிலோ. கோ-4 போன்ற பசும்புல்லில் ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ உலர்பொருள்தான் என்று வைத்துக் கணக்குப் போட்டால், வெறும் புல்லிலேயே சமாளிக்க எத்தனை கிலோ வெட்ட வேண்டும் என்று அவர்களே வாய்பிளப்பார்கள்.

நேரமிருந்தால் பல்லும் பார்க்கலாம். கீழ்த்தாடையில் பால்பல் விழுந்து இரண்டு நிலைப்பல் வந்திருந்தால் சுமார் இரண்டு வயது, கடை சேர்ந்தது, அதாவது எட்டு முன்பல்லும் நிலைப்பல்லாகிவிட்டது என்றால் நாலு, நாலரை. மாட்டுக்கு இல்லவே இல்லாத மேல்தாடை முன்பல்லைத் தேடுகிறவர் ஒருவராவது இருப்பார், தேடட்டும்.

ரெக்கார்டு நோட்டில் சூத்திரத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள், அதைக் காப்பியடித்துவிடலாம். கண்மதிப்பு, டேப், எடைமேடை மூன்றும் ஏன் வேறுபட்டன என்று எழுதியதற்குப் போடுங்கள்.