வீட்டுப் பணம் வேலையை முந்தாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

முதன்முறை வீடு கட்டுகிறவர்கள் கேட்பது "சதுர அடிக்கு என்ன ரேட்?" என்றுதான். எந்த வேலை முடிந்ததும் எவ்வளவு கொடுப்பது என்று கேட்பவர் குறைவு. பாதியில் நிற்கும் வீடுகளைப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் உரிமையாளர் கொடுத்த பணம் ஒப்பந்ததாரரின் முந்தைய வீட்டை முடிக்கப் போயிருக்கும். அவரைத் திருடர் என்று சொல்ல மாட்டேன். அங்கே வாங்கியது தீர்ந்துவிட்டது, இங்கே வாங்கியதில் அதை முடிக்கிறார், அவ்வளவுதான்.

அடுக்குமாடித் திட்டங்களில் இந்த நோய்க்கு மருந்தாகத்தான் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், வாங்குவோர் செலுத்தும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறது. சொந்த மனையில் தனிவீடு கட்டுபவருக்கு அந்தக் காவல் இல்லை. நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

படி 1: ரேட்டுக்குள் என்ன இருக்கிறது?

சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர். இவை சதுர அடி ரேட்டில் சேர்த்தியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். சிமென்ட், கம்பி, டைல்ஸ் எந்த பிராண்ட் என்பதையும் அதே தாளில் குறியுங்கள்.

படி 2: கட்டம் பிரியுங்கள்

பொருளோடு சேர்த்து 1,000 சதுர அடிக்கு 24 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நான் பிரிப்பது இப்படி: அட்வான்ஸ் 5 சதவீதம், பேஸ்மென்ட் (வீட்டின் தரைமட்டம் வரை எழும் அடித்தளம்) முடிந்ததும் 20, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) மட்டத்தில் 15, மேல்தளக் கான்கிரீட் போட்டதும் 25, பூச்சுவேலைக்கு 15, தரை, மின்சாரம், பெயின்ட் முடிந்ததும் 15. மீதி 5 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய், நம் கையிலேயே இருக்கட்டும். தேதியைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்; "தீபாவளிக்கு ஆட்களுக்குக் கொடுக்க வேண்டும்" என்று கேட்டாலும், முடிந்த வேலையின் அளவைத் தாண்டக் கூடாது.

வங்கிக் கடன் என்றால் அவர்களும் கட்டம் கட்டமாகத்தான் பணம் விடுவார்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் கைமாற்று வாங்க அலைய நேரிடும்.

படி 3: பொருளை நீங்கள் வாங்கினால் அளந்து வாங்குங்கள்

கூலி மட்டும் ஒப்பந்தம் என்றால் பணம் ஒழுகும் இடம் லாரிதான். மணல், ஜல்லி, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) எல்லாம் யூனிட் கணக்கு; ஒரு யூனிட் 100 கன அடி. என் வீட்டுக்கு முதலில் வந்த லோடை "இரண்டரை யூனிட்" என்றார்கள், நம்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த லோடுக்கு டேப்போடு ஏறினேன். குவியலைச் சமப்படுத்தச் சொல்லி அளந்தால் நீளம் 12 அடி, அகலம் 7 அடி, உயரம் இரண்டரை அடி. பெருக்கினால் 210 கன அடி, அதாவது இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு லோடுக்கு 40 கன அடி காற்றுக்குக் காசு! டிரைவர் சண்டை போடவில்லை, சிரித்துக்கொண்டே ரசீதைத் திருத்தினார். முதல் லோடை நினைத்து நான்தான் சிரிக்கவில்லை.

கம்பிக்கும் கணக்கு உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஏறக்குறைய 10.7 கிலோ. ஐம்பது கம்பி இறக்கிவிட்டு 600 கிலோவுக்கு பில் போட்டிருந்தால், எடைமேடைச் சீட்டைக் கேளுங்கள்.

படி 4: ஒரு நோட்டுப் புத்தகம்

தேதி, நடந்த வேலை, வந்த பொருள், கொடுத்த பணம். நான்கு பத்தி போதும். பணம் கொடுக்கும்போதெல்லாம் ஒப்பந்ததாரரின் கையெழுத்தை அதிலேயே வாங்குங்கள்.

படி 5: கூடுதல் வேலை

"இங்கே ஒரு ஷெல்ஃப் இருந்தால் நன்றாக இருக்குமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். மேஸ்திரியும் தலையாட்டிவிடுவார். அதற்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதிய பிறகே செங்கல்லைத் தொட விடுங்கள்.

படி 6: கடைசி 5 சதவீதம்

கிரகப்பிரவேசத்தன்றே இதைக் கேட்பார்கள். ஒரு வடகிழக்குப் பருவமழை கழியட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் அன்று முகம் சுளிக்க வேண்டியிருக்காது. டிசம்பர் முடிந்ததும் கூரையின் அடிப்பக்கம், கழிப்பறைச் சுவரின் வெளிப்பக்கம், ஜன்னல் மூலைகள் என்ற மூன்று இடங்களையும் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் அன்றே கொடுத்துவிடுங்கள்.