குல்மார்க்கில் முதல் பனிச்சறுக்கு: ஐந்து நாள் பயணத்துக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்

லீவு குறைவு, ஆனாலும் ஸ்கீ கற்றுக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு இந்தியாவில் முதல் தேர்வு காஷ்மீரின் குல்மார்க். உயரம் சுமார் 2,650 மீட்டர். ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். உத்தராகண்டின் ஔலியும் நல்ல இடம், ஆனால் டேராடூனிலிருந்து மலைப்பாதையிலேயே ஒரு முழு நாள் கழிந்துவிடும்.

ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முடியும் வரை போகலாம். டிசம்பர் சூதாட்டம். ஜனவரி முதல் பாதியையும் நம்ப முடியாது: 2024இல் மாதத்தின் பெரும்பகுதி குல்மார்க் வெறும் புல்தரையாகவே கிடந்தது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடக்கும் வாரத்தில் அறை கிடைப்பது கஷ்டம், அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஸ்ரீநகருக்கு மதியத்துக்குள் போய்ச் சேரும் விமானமாகப் பிடியுங்கள். தங்மார்க் ஊரிலிருந்து மேலே ஏறும் கடைசி 13 கிலோமீட்டர் பாதை பொழுது சாய்ந்ததும் உறைந்து வழுக்கும். பனி பெய்திருந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியையும் நான்கு சக்கர இழுவை வண்டியையும் மட்டும்தான் மேலே விடுவார்கள். சாதாரண டாக்ஸி தங்மார்க்கிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து இன்னொரு வண்டிக்குத் தனியாகப் பேரம் பேச வேண்டியிருக்கும். வண்டி குல்மார்க் வரைக்கும் வருமா என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும்.

கடலோர ஊரிலிருந்து ஒரே நாளில் 2,650 மீட்டர் ஏறினால் முதல் இரவு தூக்கம் கெடும், லேசாகத் தலை வலிக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், அன்றைக்கு மது வேண்டாம். தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் சேர்ந்தால் காத்திருக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

இனி பூட்ஸ். குறுகிய பயணம் உருப்படுவதும் வீணாவதும் பெரும்பாலும் வாடகைக் கடையில் செலவழிக்கும் அரை மணி நேரத்தில்தான் தீர்மானமாகிறது. ஸ்கீ பூட்ஸுக்குச் செருப்பு சைஸ் கிடையாது, பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்ல வேண்டும். வீட்டிலேயே குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று பெருவிரல் நுனி வரை அளந்துகொண்டு போங்கள். கடையில் உள்மெத்தையை உருவி எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு விரல்களை முன்னால் முட்ட வையுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. மூன்று இருந்தால் பெரிது. பெரிய பூட்ஸ் போட்டதும் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் சரிவில் கால் உள்ளே ஆடும், நீங்கள் திருப்பினாலும் ஸ்கீ திரும்பாது. அதை ஈடுகட்ட பூட்ஸின் கொக்கியை (பக்கிள்) இறுக்குவீர்கள், பாதம் மரத்துப்போகும். குளிருக்கென்று இரண்டு சாக்ஸ் போடுவதும் இதே தொல்லையில்தான் முடியும். முழங்கால் வரை வரும் மெல்லிய கம்பளிச் சாக்ஸ் ஒன்றே போதும், தெர்மல் பேன்ட்டின் நுனியைப் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள். நேராக நிற்கும்போது விரல் லேசாக முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் பின்வாங்க வேண்டும்.

ஸ்கீயின் நீளம் தாடைக்கும் மூக்குக்கும் இடையில் நிற்கட்டும். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கில் ஓர் எண் தெரியும். விழும்போது எவ்வளவு விசையில் பூட்ஸ் கழன்றுகொள்ளும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பகுதியின் நீளம், அனுபவம் ஐந்தையும் கேட்டுத்தான் அதை வைக்க வேண்டும். எழுபது கிலோ எடையுள்ள புதியவருக்குச் சுமார் 4 முதல் 5. முந்தைய ஆள் 8இல் வைத்துவிட்டுப் போனதை அப்படியே கொடுத்தால் விழும்போது ஸ்கீ கழலாது, முழங்கால் திருகும். அந்த எண்ணை உங்களுக்கேற்ப மாற்றாமல் கொடுக்கும் கடையில் எடுக்காதீர்கள். ஹெல்மெட்டையும் சேர்த்து வாடகை பேசுங்கள். மங்கி குல்லா ஹெல்மெட்டுக்குள் சுருண்டு தொந்தரவு கொடுக்கும், கழுத்தை மூடும் மெல்லிய பஃப் போதும்.

உடையில் ஒரே விதி: பருத்தி கூடாது. வியர்த்து நனைந்த பனியன் காயாது, ரோப்காரில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் நடுக்கம் வரும். தெர்மல், ஃப்ளீஸ், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். கையுறை இரண்டு ஜோடி. புதுப்பனி வெயிலில் 80 சதவீதம் வரை புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும், மூக்கின் அடிப்பக்கத்திலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள்.

முதல் இரண்டு நாளும் கீழே உள்ள மைதானச் சரிவை விட்டு நகராதீர்கள். பயிற்சியாளர் வைத்துக்கொள்வது அவசியம். பைண்டிங்கில் காலை வைக்கும் முன் பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைக் கம்பால் தட்டிவிடுங்கள். கொஞ்சம் கட்டியாக இருந்தாலும் பூட்டு விழுந்ததுபோல் சத்தம் கேட்கும், முதல் திருப்பத்தில் கழன்றுவிடும். நிறுத்தப் பழகும்போது ஸ்கீயின் முனைகளை நெருக்கி, பின்பகுதியை அகட்டி, மேலிருந்து பார்த்தால் ஓட்டுக்கூரை மாதிரி வைத்துக்கொண்டு உள்விளிம்பில் அழுத்துங்கள். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் முனைகளில் எடை இருக்காது, வேகம்தான் கூடும். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு பூட்ஸின் நாக்கை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறதா என்று கவனித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மேலே இழுத்துச் செல்லும் டிராக் லிஃப்டில் உட்கார முயலாதீர்கள். அது நாற்காலியல்ல, நின்றபடி இழுபடத்தான். உட்கார்ந்தவர்கள் எல்லோரும் விழுகிறார்கள்.

மூன்றாம் நாள் தைரியம் வந்தால் கோண்டோலா எனப்படும் ரோப்காரின் முதல் கட்டம், சுமார் 3,080 மீட்டரில் உள்ள கோங்டூரி வரை போகலாம். டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள். இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டரில் அஃபர்வாட் மலைத்தோளில் கொண்டு விடும். காட்சிக்காகப் போங்கள், அதே கோண்டோலாவில் திரும்புங்கள். அங்கே சமப்படுத்திய தடம் கிடையாது, எல்லாம் இயற்கைச் சரிவு, பனிச்சரிவு ஆபத்து உண்மையானது. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அந்த மலையில்தான் பனிச்சரிவில் இறந்தார்கள். பழகிய சறுக்கு வீரர்கள்கூட பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), மண்வெட்டி, துழாவும் கம்பி இல்லாமலும், உள்ளூர் வழிகாட்டி இல்லாமலும் இறங்குவதில்லை. பலத்த காற்றடித்தால் இந்தக் கட்டம் மூடிவிடும், அந்த ஒரு நாளை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஸ்ரீநகரில் கழியுங்கள். பனி பெய்தால் தங்மார்க் பாதை அரை நாள் அடைபடும், விமானமே ரத்தாவதும் உண்டு. பயணக் காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்கு விபத்து அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் அது விலக்குப் பட்டியலில் இருக்கும்.