ஆவி அழுத்தத்தைக் கணினியில் கணிக்க: முதலில் கொதிநிலையைத் தேடுங்கள்

வேதிப்பொருளோடு அனுப்பும் பாதுகாப்பு டேட்டா ஷீட்டின் 9ஆம் பகுதியில் 'ஆவி அழுத்தம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பொருள் எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதைக் காட்டும் எண் அது. ஏற்றுமதி செய்யும் சிறிய கம்பெனிகளுக்கு இந்தத் தாள்களைத் தயாரிப்பது என் வேலை. எனக்கு வரும் பழைய தாள்கள் பலவற்றில் அந்தக் கட்டத்தில் 'தரவு இல்லை' என்றுதான் இருக்கும். அந்த ஓர் எண் இல்லாமல், வேலை செய்பவர் எவ்வளவு ஆவியை மூச்சில் இழுப்பார், டிரம்மின் மேல்வெளியில் தீப்பற்றும் கலவை உருவாகுமா, தரையில் கொட்டினால் காற்றோடு போகுமா தங்குமா என்று எதையும் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் அளக்க ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 104ஆம் சோதனை வழிகாட்டி இருக்கிறது. ஆனால் அதற்குக் காசும் காத்திருப்பும் வேண்டும். கணினி மாதிரிகள் இலவசம். அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்தத்தான் இந்தக் குறிப்பு.

மென்பொருளைத் திறக்கும் முன்னால், எண் எதற்குத் தேவை என்று பாருங்கள். தொழிலாளர் சுவாச மதிப்பீட்டுக்குப் பலரும் பயன்படுத்தும், ஐரோப்பிய வேதித் தொழில்துறை அமைப்பான ஈசிடாக்கின் டிஆர்ஏ கருவி, திரவங்களைப் படிகளாகப் பிரிக்கிறது: 0.01 பாஸ்கலுக்குக் கீழே மிகக் குறைவு, 500 வரை குறைவு, 500 முதல் 10,000 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். கணிப்பு 40 பாஸ்கல் என்று வந்தால், உண்மை 20 ஆனாலும் 80 ஆனாலும் படி மாறாது. அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 450 என்று வந்தால்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் பொருள் கணினி மாதிரிக்கு ஏற்றதா? இந்த மென்பொருள்கள் தனித்த, நடுநிலையான கரிம மூலக்கூறுகளுக்கானவை. உப்பு, பாலிமர், உலோகச் சேர்மம் எதைக் கொடுத்தாலும் ஏதோ ஓர் எண்ணைத் துப்பும், அதுதான் ஆபத்து. சோடியம் பென்சோயேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சில மென்பொருள்கள் சோடியத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, பென்சாயிக் அமிலமாக நினைத்துக் கணக்குப் போடும். வரும் மதிப்பு அமிலத்துக்குச் சரி, உப்புக்குச் சம்பந்தமே இல்லை. உருகுநிலை 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவின் வேதிப்பொருள் சட்டமான ரீச் ஆவி அழுத்தச் சோதனையே கேட்பதில்லை. பல உப்புகளுக்கு அந்த வழியே போதும். கலவை என்றால் ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியாகப் பாருங்கள், எளிதில் ஆவியாவதில் கூடுதல் கவனம் வையுங்கள்.

சரி, இப்போது கொதிநிலை. இதில்தான் எனக்கு அதிக நேரம் போகும், போகவும் வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எபி சூட் மென்பொருள், ஆவி அழுத்தத்தை மூலக்கூறின் வடிவத்திலிருந்து நேராகக் கணிப்பதில்லை. முதலில் கொதிநிலை, அப்புறம் அதிலிருந்து ஆவி அழுத்தம். நீங்கள் கொதிநிலையைத் தராவிட்டால், மூலக்கூறின் துண்டுகளை எண்ணித் தானே ஒன்றைக் கணித்துக்கொள்ளும். அந்தக் கணிப்பில் உள்ள பிழை அடுத்த கணக்கில் ஊதிப் பெருகும். உருகுநிலைக் கணிப்பு இன்னும் மோசம். ஆகவே தயாரிப்பாளரின் பகுப்பாய்வுச் சான்று, பழைய கையேடுகள், ஆய்வகக் குறிப்பேடு என்று எங்கிருந்தாவது அளந்த கொதிநிலையையும் உருகுநிலையையும் தேடிப் பிடியுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. தொழிற்சாலைக் குறிப்பில் 'கொதிநிலை 120' என்று எழுதியிருக்கும். பக்கத்தில் சின்னதாக '10 மி.மீ. பாதரசம்' என்று இருக்கும். வெற்றிடத்தில் காய்ச்சி வடித்த கணக்கு அது. அந்த 120ஐ அப்படியே பெட்டியில் தட்டினால், கனமான ஒரு பொருள், எளிதில் ஆவியாகும் கரைப்பானான டொலுவீனைப் போல ஆவியாவதாக விடை வரும். சாதாரண அழுத்தத்துக்கு மாற்றிய பிறகே உள்ளே போட வேண்டும். ஒரு நல்லதும் இருக்கிறது: அந்தக் குறிப்பே அளந்த ஆவி அழுத்தம்தான். 120 டிகிரியில் 10 மி.மீ., அதாவது சுமார் 1,333 பாஸ்கல். கணிப்பைச் சரிபார்க்க இதைவிட நல்ல புள்ளி கிடைக்காது.

மென்பொருளை ஓட்டுவது சின்ன வேலை. பொருளின் அடையாள எண்ணான காஸ் எண்ணைக் கொடுங்கள், அல்லது மூலக்கூறின் அமைப்பை எழுத்துகளால் காட்டும் ஸ்மைல்ஸ் வரியாக எழுதுங்கள். கொதிநிலை, உருகுநிலைப் பெட்டிகளை நிரப்பி ஓட்டினால் ஆன்டுவான், மாற்றப்பட்ட கிரெய்ன், மெக்கே என்று மூன்று முறைகளின் விடைகள் வரும். திண்மத்துக்குக் கிரெய்ன் விடையையும், திரவத்துக்கும் வாயுவுக்கும் ஆன்டுவான், கிரெய்ன் இரண்டின் சராசரியையும் மென்பொருளே பரிந்துரைக்கும். எந்தக் கொதிநிலையை வைத்துக் கணக்குப் போட்டது என்ற விவரமும் வெளியீட்டில் இருக்கும். விடைக்கு முன்னால் நான் பார்ப்பது அதைத்தான்.

மெக்கே முறையைக் கால்குலேட்டரிலேயே போடலாம். ஒரு தடவையாவது போட்டுப் பாருங்கள், மாதிரி எங்கே சறுக்கும் என்பது கைக்குப் பிடிபடும். பீரோவில் போடும் நாப்தலின் உருண்டையை எடுத்துக்கொள்வோம். கொதிநிலை 218 டிகிரி, உருகுநிலை 80.2. கெல்வினில் 491.1, 353.4. அறை வெப்பநிலை 298.15.

கொதிநிலையை அறை வெப்பநிலையால் வகுத்தால் 1.647. கொதிநிலையின் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) 6.197, அதோடு 4.4 கூட்டினால் 10.597. அடுத்து, 1.803 × 0.647 என்பது 1.167, அதிலிருந்து 0.803 × (1.647இன் இயல் மடக்கை), அதாவது 0.401ஐக் கழித்தால் 0.766. இதை 10.597ஆல் பெருக்கினால் 8.12. கடைசியாகத் திண்மத்துக்கான திருத்தம்: உருகுநிலையை அறை வெப்பநிலையால் வகுத்து, 1 கழித்து, 6.8ஆல் பெருக்கினால் 1.26. இரண்டும் சேர்ந்து 9.38. கால்குலேட்டரில் மைனஸ் 9.38க்கு இயல் மடக்கையின் எதிர்க்கணக்கைப் (eˣ) போட்டால் 0.0000845 வளிமண்டலம், அதாவது சுமார் 8.6 பாஸ்கல். அளந்த மதிப்பு சுமார் 11. இரண்டே வெப்பநிலைகளை வைத்துப் போட்ட கணக்குக்கு இது ரொம்ப நல்ல விடை.

இப்போது கெடுத்துப் பாருங்கள். நாப்தலின் திண்மம் என்பதை மறந்து அந்த 1.26ஐ விட்டுவிட்டால் விடை 30 பாஸ்கல். கொதிநிலையை 20 டிகிரி கூட்டி 238 என்று வைத்தால் 3.2 பாஸ்கல். வெறும் 20 டிகிரிக்கு விடை மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, கணித்த கொதிநிலையை யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டார்கள்.

இரண்டாவது கருத்துக்கு ஓபரா என்ற இன்னொரு கணிப்பு மென்பொருளைக் கேளுங்கள். அது வேறு வழியில் போகிறது: அளந்த மதிப்புள்ள பொருள்களில் உங்கள் பொருளுக்கு மிக நெருக்கமானவற்றைத் தேடி, அவற்றின் மதிப்புகளை எடைபோட்டு விடை தருகிறது. உங்கள் பொருள் மாதிரியின் எல்லைக்குள் இருக்கிறதா, எவ்வளவு நம்பலாம் என்ற குறியீடுகளும் கூட வரும். எனக்குக் குறியீடுகளைவிட அந்த அண்டைப் பொருள்களின் பட்டியல்தான் முக்கியம். உங்கள் மூலக்கூறில் ஹைட்ராக்சில் தொகுதி இரண்டு இருந்து, அண்டைப் பொருள்கள் எதிலும் ஒன்றுகூட இல்லையென்றால், குறியீடு என்ன சொன்னாலும் நான் அந்த விடையை எடுப்பதில்லை. இன்னொன்று: நாப்தலின் போன்ற பிரபலமான பொருளுக்கு ஓபரா துல்லியமாகச் சொன்னால் அசந்துவிடாதீர்கள். பயிற்சித் தரவிலேயே அது இருந்திருக்கும்.

அலகில் கவனம். ஓபராவின் விடை மி.மீ. பாதரசத்தில், அதுவும் பத்தடி மடக்கையில் (log) வரும். நாப்தலினுக்கு மைனஸ் 1.07 என்றால் 0.085 மி.மீ.; 133.3ஆல் பெருக்கினால் 11.3 பாஸ்கல். இந்தப் பெருக்கலை விட்டுவிட்ட தாள்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

இரண்டு மாதிரிகளும் மூன்று மடங்குக்குள் ஒத்துப்போனால், அளந்த கொதிநிலையை வைத்துப் போட்ட விடையை எடுத்துக்கொள்வேன். பத்து மடங்கு வித்தியாசம் என்றால் சராசரி எடுக்காதீர்கள். சுவாச மதிப்பீட்டுக்குப் பெரிய எண்ணை எடுங்கள். 0.01 பாஸ்கலுக்குக் கீழே போகப் போக, அளந்த மதிப்புகளே ஒன்றுக்கொன்று ஒத்துவராது. அங்கே இரண்டு தசம இடம் வரை எழுதுவது வேடிக்கைதான்.

வெப்பநிலையை விட்டுவிடக் கூடாது. மாதிரிகள் பொதுவாக 25 டிகிரிக்கான எண்ணைத் தருகின்றன. உங்கள் கலன் 60 டிகிரியில் ஓடலாம். டொலுவீனுக்கு 25 டிகிரியில் சுமார் 3,800 பாஸ்கல், நடுத்தரப் படி. 60 டிகிரியில் அது சுமார் 18,500; அதிகப் படிக்குத் தாவிவிட்டது. 25 டிகிரியிலேயே 3,800ஐ வளிமண்டல அழுத்தமான 101,325ஆல் வகுத்தால் 3.75 சதவீதம். டொலுவீன் ஆவி காற்றில் தீப்பற்றத் தொடங்கும் அளவு 1.1 சதவீதம், மேல் எல்லை 7.1. அதாவது மூடிய டிரம்மின் மேல்வெளி சரியாகத் தீப்பற்றும் வரம்புக்குள் நிற்கிறது. தீ மதிப்பீடு எழுதுபவருக்கு இந்த ஒரு வகுத்தலை அவசியம் போட்டுக் கொடுங்கள்.

கோப்பில் எழுதும்போது மென்பொருளின் பெயர், பதிப்பு எண், கொடுத்த ஸ்மைல்ஸ் வரி, கொடுத்த கொதிநிலையும் உருகுநிலையும் எங்கிருந்து வந்தன, எந்த முறையின் விடை, எந்த வெப்பநிலை, அண்டைப் பொருள்கள் எவை என்று எல்லாவற்றையும் குறியுங்கள். ரீச் பதிவு என்றால் மாதிரிக்கு ஒன்று, கணிப்புக்கு ஒன்று என இரண்டு படிவங்கள் தனியாக உண்டு. டேட்டா ஷீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'கணிக்கப்பட்டது' என்ற சொல்லையும் மறக்காமல் போடுங்கள்.