சில்லறைக்குள் புரூப் குத்தி தேடுகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

புரூப் என்றால் சேகரிப்பாளர்களுக்கென்றே தனியாக அடிக்கும் நாணயக் குத்தி. புதுக்குடியிருப்புச் சந்தையில் மிச்சக்காசாக வந்த குத்தி கொஞ்சம் பளபளத்தால் போதும், 'புரூப் கிடைச்சிட்டுது' என்று படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வங்கியிலிருந்து அண்மையில் வெளியே வந்த சாதாரண ஐந்து ரூபாவாகத்தான் இருக்கும்.

புரூப் என்பது காசு எவ்வளவு புதிது என்பதைப் பொறுத்ததில்லை, அதை அடித்த முறையைப் பொறுத்தது. அச்சையும் வெறுந்தகட்டையும் முதலே மினுக்கி, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தி அடித்து, பெட்டியில் வைத்துச் சேகரிப்பாளர்களுக்கு விற்பார்கள். பிறகு யாரோ பெட்டியை உடைத்துச் செலவழித்தால்தான் அது உங்கள் கைக்கு வரும். வீட்டுப் பெரியவர் பத்திரமாக வைத்துவிட்டுப் போனதைப் பிள்ளைகள் கடைக்குக் கொண்டுபோவதும் உண்டு. ஆக, கிடைப்பது அருமை, ஆனால் கிடைக்காது என்றில்லை.

குத்தியை விளிம்பில் பிடித்து மின்குமிழுக்குக் கீழே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சாதாரணப் புதுக் காசில் வெளிச்சம் சில்லுக் கம்பிகள் மாதிரிச் சுற்றிச் சுற்றி ஓடும். புரூப்பில் அப்படி ஓடாது, வெறும் பகுதி ஒருகணம் கறுப்பாகவும் மறுகணம் வெள்ளையாகவும் மாறும், பக்கத்தில் பேப்பரைப் பிடித்தால் அதன் எழுத்துகூட உள்ளே தெரியும். உருவம் மங்கல் வெள்ளையாக நிற்கும் என்பார்கள், ஆனால் பழைய புரூப்களில் உருவமும் சேர்ந்தே மினுங்கும், அதனால் அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். இலங்கைக்கென 1971இல் ஒரு சதத்திலிருந்து ஒரு ரூபா வரை புரூப் தொகுதி அடித்தார்கள், பழைய ட்ரங்குப் பெட்டிகளைக் கிளறுகிறவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள்.

எல்லாவற்றிலும் மோசமான பிழை, கழுவுவது. குத்துவிளக்கு மினுக்கிய கை சும்மா இருக்காது, பழப்புளி, தேசிக்காய், சாம்பல், பிராசோ என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்துவிடும். தேய்த்த காசை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள், மயிரிழை மாதிரிக் கீறல்கள் ஒரே பக்கமாக ஓடும், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். புரூப்பின் பெறுமதியே அந்தக் கண்ணாடிப் பரப்பில்தான் இருக்கிறது, அது போனால் திரும்ப வராது. ஊத்தையாக இருந்தாலும் அப்படியே விடுங்கள், தயவுசெய்து.

மெத்தென்ற பீவீசீ பிளாஸ்டிக் உறைக்குள் வருடக்கணக்கில் வைப்பதும் கூடாது, பச்சையாகப் பிசுபிசுத்துக் காசை அரிக்கும். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றையும் பார்க்க வேண்டும், காற்றுப்புகாத டப்பாவுக்குள் வையுங்கள்.

அப்புறம், ஞாபகார்த்தக் குத்தி எல்லாம் புரூப் இல்லை. 2013 என்று ஆண்டு பொறித்து 25 மாவட்டத்துக்கும் ஒவ்வொன்றாக வந்த பத்து ரூபாக்கள் புழக்கத்துக்கென்றே அடிக்கப்பட்டவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கையும் தேடிச் சேர்ப்பது அருமையான வேலை, நானும் ஆதரிப்பேன், ஆனால் அவற்றைப் புரூப் விலைக்கு விற்கவும் வாங்கவும் போகாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் விட்டுப்போகும் சில்லறையைப் பார்க்காமல் தள்ளுவதும் பிழைதான். அமெரிக்கக் காசில் 'எஸ்' என்ற சிறு எழுத்து இருந்தால் அது சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது, 1968இலிருந்து அந்த நாட்டின் வழமையான புரூப் தொகுதிகள் பெரும்பாலும் அங்கேதான் அடிக்கப்பட்டன. ஆனால் 1968 முதல் 1974 வரை ஒரு சதக் காசை அதே எழுத்தோடு புழக்கத்துக்கும் விட்டார்கள், அதனால் எழுத்தைக் கண்டவுடன் துள்ளக்கூடாது. 1992இலிருந்து வந்த 'எஸ்' குவார்ட்டரின் (25 சதக் காசு) விளிம்பில் செம்பு நிறக் கோடு இல்லையென்றால் அதைத் தனியே எடுத்து வையுங்கள், வெள்ளிப் புரூப்பாக இருக்கலாம்.

கடைசியாக ஒன்று: முகநூலில் 'உங்கள் காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்' என்று கேட்பவருக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். உண்மையாக வாங்குகிறவர் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியும் படம் கேட்பார், குத்தியை நேரில் பார்க்கவும் கேட்பார். உங்களிடம் காசு கேட்க மாட்டார்.