மாட்யூலுக்குள்ளேயே உங்கள் புரோகிராம்

தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அளந்து சர்வருக்கு அனுப்பும் கருவி ஒன்றை முதலில் செய்தபோது அதில் இரண்டு மூளைகள் இருந்தன. ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சென்சாரைப் படிக்கும். அப்புறம் சீரியல் வழியாக, மொபைல் நெட்வொர்க்கோடு இணைக்கும் செல்லுலார் மாட்யூலுக்கு ஏடி கட்டளைகளை (மோடத்துக்கான எழுத்துக் கட்டளைகள்) அனுப்பி, வரும் பதிலை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்க்கும். பதில் பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது, கேட்காமலே நடுவில் வந்து விழும் செய்தியை எங்கே வைப்பது என்று என் கோடில் பாதிக்கு மேல் இந்தப் பேச்சுவார்த்தைக்கே போனது. அடுத்த பதிப்பில் மைக்ரோகன்ட்ரோலரையே எடுத்துவிட்டேன். புரோகிராம் மாட்யூலுக்குள் குடியேறியது. அதே வழியில் போக நினைக்கிறவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எல்லா மாட்யூலும் இதற்கு இடம் கொடுக்காது. குவெக்டெல் நிறுவனம் இந்த வசதியை குவெக்ஓபன் என்ற பெயரில் சில மாடல்களில் தருகிறது. டிஜி நிறுவனத்தின் எக்ஸ்பீ செல்லுலார் வகையில் மைக்ரோபைத்தானிலேயே (சிறு சிப்புகளுக்கான பைத்தான்) எழுதலாம். நான் எடுத்தது நார்டிக்கின் என்ஆர்எஃப்9160. அதில் நெட்வொர்க்கோடு பேசும் மோடம் தனி, நமக்கான செயலி தனி: 64 மெகாஹெர்ட்ஸ் கார்டெக்ஸ் எம்33, 1 எம்பி ஃபிளாஷ், 256 கேபி ரேம். வேறு சில மாட்யூல்களில் நம் புரோகிராம் மோடத்தின் சொந்த வேலைகளோடு ஒரே செயலியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அங்கே நம் லூப் ஒன்று சிக்கிக்கொண்டால் மோடமும் திணறும். தனிச் செயலி கிடைக்கும் இடத்தில் அதையே எடுங்கள் என்பேன்.

போர்டு கைக்கு வந்ததும் ஒரு வரிகூட எழுதாதீர்கள். நார்டிக் தரும் மென்பொருள் தொகுப்பான எஸ்டிகேயில் ஏடி கிளையன்ட் என்ற மாதிரி புரோகிராம் இருக்கிறது. அதை ஏற்றி, மோடத்திடம் கையாலேயே பேசிப் பாருங்கள். சிஎஃப்யூஎன் 1 என்ற ஏடி கட்டளை கொடுத்தால் மோடம் எழும். சிஇஆர்இஜி 5 கொடுத்தால் பதிவு நிலையைச் சொல்லிக்கொண்டே வரும்: 2 என்றால் தேடுகிறது, 1 என்றால் சொந்த நெட்வொர்க், 5 என்றால் ரோமிங், 3 என்றால் மறுத்துவிட்டது. 3 வந்தால் கோடில் குறை தேடாதீர்கள். சிம்மையும், அதன் திட்டத்தில் எல்டிஇ-எம், என்பி-ஐஓடி (சிறு கருவிகளுக்கான இரண்டு நெட்வொர்க் வகைகள்) இவற்றில் எது இருக்கிறது என்பதையும், ஏபிஎன் (டேட்டா இணைப்புக்கான நுழைவாயில்) பெயரையும் பாருங்கள். நான் இரண்டு நாள் கோடைத் துருவினேன். கடைசியில் சிம் திட்டத்தில் என்பி-ஐஓடி இல்லை.

கையால் பேசி இணைப்பு வந்த பிறகு சொந்தப் புரோகிராம். அடியில் ஓடுவது செஃபிர் என்ற ஆர்டிஓஎஸ், அதாவது சிறு கருவிகளுக்கான நிகழ்நேர இயங்குதளம். பில்ட் செய்யும்போது நான்-செக்யூர் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், மோடம் லைப்ரரி அங்கேதான் வேலை செய்யும். சென்சாரைப் படிப்பது, அனுப்புவது எல்லாம் சுலபம். காத்திருப்பதை எழுதுவதுதான் கடினம். சிக்னல் குறைந்த இடத்தில் இணைப்புக்குப் பல விநாடிகள் ஆகலாம், சில சமயம் நிமிடங்கள்கூட. "வந்ததா, வந்ததா" என்று கேட்டுக்கொண்டே சுற்றும் லூப்பை வைக்காமல், பதிவு நிலை மாறும்போது மோடம் தருகிற நிகழ்வுக்காகத் தூங்குங்கள். அந்தத் தூக்கத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். வரம்பு தாண்டினால் அளவைச் சேமித்துவிட்டு அடுத்த முறை சேர்த்து அனுப்பலாம். தொட்டியின் மட்டம் ஒரு மணி நேரம் தாமதமாகத் தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பேட்டரி தீர்ந்தால் நஷ்டம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோடை மாற்றுவது, ஏற்றுவது, ரீசெட் அழுத்துவது என்று ஒரு நாள் வேகமாக ஓடிக்கொண்டிருந்தேன். திடீரென்று மோடம் நெட்வொர்க் பக்கமே போகவில்லை. ஆன்டெனாவை மாற்றினேன், சிம்மை மாற்றினேன், பயனில்லை. பிறகுதான் படித்தேன்: மோடத்தை முறையாக அணைக்காமல் 7 முறை ரீசெட் செய்தால், அது நெட்வொர்க்கைத் தொந்தரவு செய்யாமல் இருக்க 30 நிமிடம் இணைய முயலாது. பழுது இல்லை, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. மின்சாரத்தை எடுக்கும் முன் சிஎஃப்யூஎன் 0 கொடுங்கள். உங்கள் புரோகிராம் தானாக ரீபூட் ஆகும் எல்லா இடத்திலும் அந்தக் கட்டளை முதலில் போகட்டும்.

சர்வரோடு பேசுவதைக் குறியாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் வேலையை மோடமே பார்த்துக்கொள்ளும். அதனால் சான்றிதழ்களைப் புரோகிராமுக்குள் வைக்க வேண்டாம்; மோடத்தின் சேமிப்பில் ஓர் எண்ணின் கீழ் எழுதிவைத்து, சாக்கெட்டுக்கு அந்த எண்ணை மட்டும் சொல்லலாம். மோடம் இணைப்பில் இல்லாதபோதுதான் எழுத முடியும். தனிச் சாவியை எழுதிய பிறகு யாராலும் திரும்பப் படிக்க முடியாது என்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

இனி பேட்டரி. பிஎஸ்எம் என்ற மின்சேமிப்பு நிலையில் மோடம் நெட்வொர்க்கில் பதிவான நிலையிலேயே ஆழ்ந்து தூங்கும். சிபிஎஸ்எம்எஸ் கட்டளையில் இரண்டு நேரங்களைக் கேட்கிறோம், 8 பிட்டுகளில். முதல் 3 பிட் அலகு, மீதி 5 பிட் எண்ணிக்கை. வருகைப் பதிவுகளுக்கு இடையிலான நேரமான டி3412-க்கு 00100110 என்றால் ஒரு மணி நேரம் பெருக்கல் 6. தூங்கும் முன் விழித்திருக்கும் நேரமான டி3324-க்கு 00000101 என்றால் 2 விநாடி பெருக்கல் 5, அதாவது அனுப்பி முடித்து நெட்வொர்க் இணைப்பை விடுவித்த 10 விநாடியில் தூக்கம். நான் ஒரு மணிக்கு ஒருமுறை அனுப்புகிறேன், டி3412-ஐ 6 மணி கேட்கிறேன். ஒவ்வொரு முறை தரவு போன பிறகும் அந்தக் கடிகாரம் புதிதாகத் தொடங்குவதால், வெறும் வருகைப் பதிவுக்காக மோடம் எழவே தேவையில்லை. ஆனால் நாம் கேட்பது வேறு, நெட்வொர்க் தருவது வேறு. சிஇஆர்இஜி 5-இன் பதிலில் கடைசி இரண்டு மதிப்புகள்தான் உண்மையில் கிடைத்தவை. அவற்றைப் பார்க்காமல் பேட்டரிக் கணக்குப் போடாதீர்கள்.

தூங்கும் கருவியை சர்வர் எழுப்ப முடியாது. எனவே கருவிதான் முதலில் பேச வேண்டும்; சர்வர் சொல்ல நினைப்பதைப் பிடித்துவைத்து, பதிலோடு சேர்த்து அனுப்பட்டும்.

மின்னோட்டத்தைக் கருவி வைத்து அளந்து பாருங்கள். நான் நார்டிக்கின் பிபிகே2 என்ற அளவியை வைத்திருக்கிறேன், 200 நானோஆம்பிலிருந்து 1 ஆம்ப் வரை அளக்கும். சில மைக்ரோஆம்ப் வர வேண்டிய இடத்தில் எனக்கு நூற்றுக்கணக்கில் வந்தது. மோடத்தைச் சந்தேகித்து, ஆன்டெனாவைச் சந்தேகித்து, கடைசியில் பார்த்தால் லாக் எழுதும் யூஆர்ட் (சீரியல் போர்ட்) திறந்தே கிடந்தது. சீரியல் ஓடினால் அதிவேகக் கடிகாரமும் ஓடும். களத்துக்குப் போகும் பதிப்பில் லாக்கை மறைத்தால் போதாது, யூஆர்ட்டையே அணைக்க வேண்டும்.

கடைசியாகச் சொல்கிறேனே தவிர, முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது இது: தொலைவிலிருந்து புதுப்பிக்கும் வழி. என் முதல் 11 பெட்டிகளில் அது இல்லை. ஒரு சின்னத் தவறைத் திருத்த ஒவ்வொரு தொட்டியின் மேலும் ஏறி, நீர்புகா மூடியைக் கழற்றி, கேபிள் செருகினேன். எந்தப் பதிப்பைத் தொடங்குவது என்று தீர்மானிக்கும் எம்சியூபூட் என்ற பூட்லோடர் இருந்தால் ஃபிளாஷில் இரண்டு அறைகள் பிரியும்: ஒன்றில் ஓடும் பதிப்பு, மற்றதில் இறங்கும் பதிப்பு. இதனால் புரோகிராமுக்குக் கிடைப்பது அரை எம்பிக்கும் குறைவுதான். பின்னால் பிரிக்க நினைத்தால் இடிக்கும், தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள்.

புதிய பதிப்பு முதல்முறை சோதனையாகத்தான் ஓடும். 'நான் நலம்' என்று அது உறுதி செய்யாவிட்டால் அடுத்த ரீபூட்டில் பழையது திரும்பும். அந்த உறுதியை புரோகிராமின் முதல் வரியில் வைத்தால் பாதுகாப்பே இல்லை. நான் அதை சர்வரிடமிருந்து பதில் வந்த பிறகுதான் தருகிறேன். 20 நிமிடத்தில் பதில் வராவிட்டால் ரீபூட். ஒவ்வொரு பெட்டியும் வெளியே போகும் முன், ஏபிஎன் பெயரைத் தப்பாக எழுதிய ஒரு பதிப்பை அதற்கு அனுப்புகிறேன். அது தவித்து, ரீபூட் ஆகி, பழைய பதிப்புக்குத் திரும்பி, மட்டத்தை அனுப்புவதை சர்வரில் பார்த்த பிறகே மூடியைத் திருகுகிறேன்.