போர்டில் ஓடும் புரோகிராமை ஜிடிபி பிடிக்காவிட்டால்

லேப்டாப்பில் பிழைதேடும் கருவியான ஜிடிபி (GDB), லினக்ஸ் ஓடும் போர்டில் அதன் துணைப் புரோகிராமான ஜிடிபிசர்வர். இணைப்பு கிடைத்துவிடுகிறது, ஆனால் பிரேக்பாயிண்ட் போட்ட இடத்தில் நிற்பதில்லை, பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) எடுத்தால் ஃபங்ஷன் பெயர் வரவேண்டிய இடத்திலெல்லாம் இரண்டிரண்டு கேள்விக்குறி. உடனே நெட்வொர்க்கைச் சந்தேகிக்காதீர்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் போர்டில் ஓடுவது ஒரு பைனரி (கம்பைல் செய்த ஃபைல்), ஜிடிபி படித்துக்கொண்டிருப்பது வேறொன்று.

முதலில் இரண்டு பக்கத்து ஃபைலிலும் ரீட்எல்ஃப் கட்டளையை '-n' ஆப்ஷனோடு ஓட்டி, பில்ட் ஐடி (பில்டை அடையாளம் காட்டும் எண்) ஒன்றா என்று பாருங்கள். போர்டில் ரீட்எல்ஃப் இல்லையா, அந்த ஃபைலை லேப்டாப்புக்கு இழுத்துப் பாருங்கள். போர்டில் இருப்பது ஸ்ட்ரிப் செய்த, அதாவது சிம்பல்களை (ஃபங்ஷன், மாறி பெயர்களை) நீக்கிய பைனரியாக இருக்கலாம், தப்பில்லை, ஜிடிபிசர்வருக்கு சிம்பல் தேவையே இல்லை. சிம்பலோடு உள்ளது ஜிடிபி பக்கம் இருந்தால் போதும், ஆனால் இரண்டும் ஒரே பில்டிலிருந்து வந்திருக்க வேண்டும். எனக்கு ஒருமுறை அரை நாள் இதிலேயே போனது. பழைய புரோகிராம் ஜிடிபிசர்வருக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் புது பைனரியை அதன்மேல் எழுத லினக்ஸ் விடவில்லை, நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் அந்தப் பிழையை விழுங்கிவிட்டது, நான் புது சோர்ஸை வைத்துக்கொண்டு பழைய புரோகிராமில் பிரேக்பாயிண்ட் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐடி ஒன்றுதான், ஆனாலும் லைப்ரரிக்குள் போனதும் கேள்விக்குறிதான் என்றால் 'இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி' கொடுத்து ஒவ்வொன்றும் எந்தப் பாதையிலிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். சிஸ்ரூட்டை, அதாவது ஜிடிபி லைப்ரரிகளைத் தேடும் வேர் ஃபோல்டரை, வெறும் '/' என்று வைத்திருந்தால் ஜிடிபி உங்கள் லேப்டாப்பின் லைப்ரரியை எடுத்துக்கொள்ளும், முகவரிகள் பொருந்தாது. ஜிடிபி 7.10 முதல் இயல்பாகவே போர்டிலிருந்து இழுத்துக்கொள்கிறது. மெதுவாக இருக்கும், சரியாக இருக்கும். வேகம் வேண்டுமென்றால் போர்டின் ரூட் ஃபைல்சிஸ்டத்தை அப்படியே நகலெடுத்து, 'செட் சிஸ்ரூட்' கட்டளையில் அந்த நகலைக் காட்டுங்கள்.

இணைத்த நொடியே 'ஜி பாக்கெட் பதில் மிக நீளம்' என்று பிழை வந்தால் அது ப்ராசசர் ஆர்க்கிடெக்சர் குழப்பம். ஏஆர்எம் போர்டை எக்ஸ்86 என்று நினைத்து ரெஜிஸ்டர்களை எண்ணுகிறது ஜிடிபி. பல ஆர்க்கிடெக்சர்களுக்கும் பொருந்தும் ஜிடிபி-மல்டிஆர்ச்சைத் திறந்து, 'ஃபைல்' கட்டளையில் சரியான பைனரியை ஏற்றிவிட்டு, அப்புறம் 'டார்கெட் ரிமோட்' கொடுங்கள்.

பதில் வராமல் டைம்அவுட் ஆகிறதா? இயல்பான காத்திருப்பு 2 விநாடிதான், மெதுவான சீரியல் லைனுக்குப் போதாமல் போகலாம், 'செட் ரிமோட்டைம்அவுட் 10' கொடுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் 'செட் டீபக் ரிமோட் 1'. போகும் வரும் பாக்கெட் எல்லாம் திரையில் ஓடும், கடைசியாகப் போன எந்தப் பாக்கெட்டுக்குப் பதில் இல்லையோ அங்கிருந்து தேடுங்கள்.